உள்ளங்கை, உள்ளங்கால் வியர்வைக்கு அயன்டோபோரசிஸ்: செய்துகொண்டவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

கேள்வி: ஆரிப்பட்டு (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. வீட்டிலிருந்தபடியே திருமண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து என் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் வியர்த்துக்கொண்டே இருக்கின்றன. வெயில் காலம், பனிக்காலம் என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. மார்கழி விடியலில் கோலம் போட உட்கார்ந்தாலும் மாவு விரலில் பசையாக ஒட்டிக்கொள்ளும், இழை விழாது. பள்ளி நாட்களில் விடைத்தாளின்மேல் கைக்குட்டையை மடித்து வைத்து, அதன்மேல் கையை ஊன்றித்தான் தேர்வு எழுதினேன்.

அப்போதெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். இப்போது என் தொழிலே அதில் சிக்கியிருக்கிறது. ஆரி வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே ஒரு கை ஊசியைப் பிடித்திருக்கும், கீழே மற்றொரு கை நூலைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். கீழே நூல் பிடிக்கும் என் இடக்கை கால் மணி நேரத்தில் நனைந்துவிடுகிறது. ஜரிகை கறுக்கிறது. சென்ற மாதம் வெளிர் ரோஜா நிறப் பட்டில் கழுத்து வேலை முக்கால் பங்கு முடிந்த நிலையில், துணியின் ஓரத்தில் என் கை ஊன்றியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு நீர்க்கறை படிந்துவிட்டது. அந்தத் துணிக்குரிய பணத்தை நான்தான் கொடுத்தேன். கால்களைப் பற்றிச் சொல்வதானால், ரப்பர் செருப்பு வழுக்கிப் படியில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

தோல் மருத்துவரிடம் காட்டினேன். தைராய்டு, சர்க்கரை ஆகிய பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. தூங்கும்போது வியர்க்கிறதா என்று அவர் கேட்டதற்கு என் கணவர்தான் பதில் சொன்னார்: நன்றாக உறங்கிய பிறகு என் கைகள் உலர்ந்தே இருக்கின்றனவாம். என் தந்தைக்கும் இதே தொல்லை உண்டு. இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, இது வேறு நோயால் வருவதன்று, வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்வதால் வருவது என்று விளக்கினார். இரவில் பூசிக்கொள்ள 20 சதவீத அலுமினியம் குளோரைடு மருந்தைக் கொடுத்தார். மூன்று மாதம் பூசியதில் விரலிடுக்குகள் வெடித்து எரிந்ததுதான் மிச்சம். கால்களில் ஒரு மாற்றமும் இல்லை.

இப்போது அயன்டோபோரசிஸ் செய்துகொள்ளச் சொல்கிறார். தண்ணீர் நிரப்பிய தட்டுகளில் கைகளை வைத்துக் குறைந்த அளவு மின்சாரம் செலுத்துவார்கள் என்றும், வாரத்துக்கு மூன்று நாள் வர வேண்டும் என்றும் சொன்னார். தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கரண்ட் கொடுப்பதா என்று வீட்டில் எல்லாரும் அஞ்சுகிறார்கள். எங்கள் உறவினர் ஒருவரோ, மார்பில் சிறு துளையிட்டு நரம்பைத் துண்டித்துவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும், எதற்கு இந்த அலைச்சல் என்கிறார்.

இது எவ்வளவு வலிக்கும்? எத்தனை முறை செய்தால் பலன் தெரியும், அந்தப் பலன் நிலைக்குமா? மெட்டியையும் தாலிக்கொடியையும் கழற்ற வேண்டியிருக்குமா? வீட்டிலேயே செய்துகொள்ளக் கருவி வாங்கினால் அதற்கு ஆர்.ஓ. தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? இன்னொன்றும் உண்டு, அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறோம், அதற்கு இதனால் இடையூறு வருமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: கரும்பலகை (இராமநாதபுரம்)

அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தில் கைக்குட்டையைப் பற்றிய வரியைப் படித்தபோது என் பள்ளி நாட்களையே படித்ததுபோல் இருந்தது. நான் கணித ஆசிரியை. சாக்பீஸ் என் கையில் ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும். மாணவர்களின் நோட்டைத் திருத்தினால் என் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் மை பரவியிருக்கும். நான்கு ஆண்டுகளாக இந்தச் சிகிச்சையைச் செய்துவருகிறேன். முதல் பன்னிரண்டு அமர்வுகள் மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலுமாக.

நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உலோகத் தகடும், அதன்மேல் கை நேரடியாகப் படாதவாறு ஒரு விரிப்பும் இருக்கும். உள்ளங்கை மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவார்கள். புறங்கை வெளியேதான் இருக்க வேண்டும். இரு கைகளையும் வைத்து அசையாமல் உட்கார்ந்த பிறகே கருவியை இயக்கி, மின்னோட்டத்தைச் சுழியிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு மில்லி ஆம்பியருக்கு மேல் போகும்போது, மரத்துப்போன கால் மீண்டும் உணர்வு பெறும்போது ஏற்படுமே, அதுபோன்ற குறுகுறுப்பு தொடங்கும். 15 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது அது சுருக்கென்று ஊசி குத்துவதாக மாறும். அந்தக் குத்தல் உள்ளங்கையில் அவ்வளவாக இருக்காது; தண்ணீரின் விளிம்பு தோலைத் தொடும் கோட்டில்தான், அதாவது மணிக்கட்டுக்கு அருகிலும் விரல்களின் பக்கவாட்டிலும்தான் அதிகமாக இருக்கும். அந்தக் கோட்டில் வாசலின் தடவிக்கொண்டால் பாதி வேதனை குறைந்துவிடும். நகக்கண்ணில் சிறு வெட்டு இருந்தாலும் அங்கே தீப்பட்டதுபோல் எரியும். ஊசி வேலை செய்கிற உங்கள் விரல் நுனிகளில் குத்துக் காயங்கள் இருக்கும் என்பதால் முதலில் அவற்றைத் தேடிப் பார்த்து வாசலினால் மூடிவிடுங்கள்.

பத்து நிமிடம் கழிந்ததும் மின்னோட்டத்தைச் சுழிக்குக் கொண்டுவந்து, திசையை மாற்றி, மறுபடியும் பத்து நிமிடம் வைப்பார்கள். நேர்மின்முனையில் இருக்கும் கைக்குத்தான் பலன் கூடுதல் என்பதால் இரு கைகளுக்கும் முறை வைக்கிறார்கள். தகட்டிலிருந்து கடுகைவிடச் சிறிய குமிழிகள் எழுந்து விரிப்பின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே அந்த இருபது நிமிடத்தைக் கழித்துவிடுவேன்.

முதல் ஐந்து அமர்வுகளில் எனக்கு எந்த மாற்றமும் இல்லை. பணமும் நேரமும் வீண் என்று அழுதிருக்கிறேன். ஏழாவது அமர்வுக்கு மறுநாள், பேருந்தில் நடத்துநர் கொடுத்த சீட்டு இறங்கும்வரை என் கையில் மொரமொரப்பாகவே இருந்தது. அதை இன்னும் என் பணப்பையில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது அமர்வில் கைகள் முற்றிலும் உலர்ந்துவிட்டன. அதன்பின் பத்து நாட்களுக்கு ஒருமுறை செய்தால் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது வேரோடு தீர்க்கும் சிகிச்சை அன்று, செய்துகொண்டிருக்கும்வரையில்தான் பலன். ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டு ஏழு வாரம் விட்டுவிட்டேன். பள்ளி திறந்த அன்று வருகைப் பதிவேடு நனைந்தது. மறுபடியும் வாரத்துக்கு மூன்று நாள் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வியர்வை திரும்பிய பிறகு செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. திரும்புவதற்குள் செய்துவிட வேண்டும்.

மின்னோட்டம் ஓடும்போது கையைச் சட்டென்று வெளியே எடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். கைப்பேசி அடிக்கிறதே என்று ஒருமுறை எடுத்துவிட்டேன். சுரீரென்று தோள்வரை உதறியது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று மருத்துவர் சொன்னாலும், அன்று முதல் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

மெட்டி, மோதிரம், வளையல், கொலுசு ஆகிய நான்கையும் கட்டாயம் கழற்றியே ஆக வேண்டும். உலோகம் நீரில் இருந்தால் அதைச் சுற்றியுள்ள தோல் புண்ணாகிவிடும். நான் கழற்றிய மெட்டியைச் சாமி அறையில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, முடிந்ததும் போட்டுக்கொள்கிறேன். என் மாமியார் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே நேரம் பார்த்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். கழுத்தில் இருக்கும் தாலி தண்ணீரைத் தொடுவதில்லை என்பதால் எனக்குச் சிகிச்சை தந்த இடத்தில் அதைக் கழற்றச் சொல்லவில்லை. நீங்கள் செல்லும் இடத்தில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படிச் செய்யுங்கள். தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் உப்புகள்தாம் மின்சாரத்தைக் கடத்துகின்றன. ஆர்.ஓ. இயந்திரம் அந்த உப்புகளையே நீக்கிவிடுவதால் அந்தத் தண்ணீரில் மின்னோட்டம் ஏறவே ஏறாது. எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பை வாழ்நாளில் முதல்முறையாக வாழ்த்தியது இதற்காகத்தான்.

பதில்: இயன்முறை (தஞ்சாவூர்)

நான் இயன்முறை மருத்துவர். மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையை நெடுங்காலமாக அளித்துவருகிறேன். மேலே சகோதரி எழுதியிருப்பது நடைமுறையில் மிகச் சரியானது. அவர் தொடாத சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டாரின் அச்சம். இது நேற்று வந்த முறை அன்று. பௌமன், லென்ட்சர் என்ற இருவர் 1952-இலேயே நேர்மின்னோட்டத்தால் கை, கால் வியர்வையைக் கட்டுப்படுத்தியதை வெளியிட்டார்கள். 1968-இல் லெவிட் என்னும் தோல் மருத்துவர் எளிய கருவி ஒன்றை விவரித்த பிறகு இது பரவலாயிற்று. பயன்படுத்துவது நம் வீட்டுச் சுவரில் வரும் மாறுமின்னோட்டம் அன்று. ஒரே திசையில் ஓடும், அளவு கட்டுப்படுத்தப்பட்ட, உள்ளங்கைக்கு 15 முதல் 20 மில்லி ஆம்பியர்வரையிலான மின்னோட்டம். முறையாகச் செய்தால் உள்ளங்கை வியர்வை உள்ள பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது நல்ல பலன் கிடைக்கிறது.

இது சுரப்பியை எரித்துவிடுகிறது என்று சிலர் சொல்வது தவறு. வியர்வை நாளத்தின் வாயில் அடைப்பு உண்டாவதாக முன்பு கருதினார்கள்; சிகிச்சைக்குப் பின் எடுத்த தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோது அத்தகைய அடைப்பு தென்படவில்லை. 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று, நேர்மின்முனையில் தண்ணீர் பகுக்கப்படும்போது உண்டாகும் ஹைட்ரஜன் அயனிகள் வியர்வை நாளத்துக்குள் சேர்ந்து அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுவதே சுரப்பு நிற்பதற்கு முக்கியக் காரணம் என்று காட்டியது. சகோதரி பார்த்த குமிழிகள் அந்தப் பகுப்பின் அடையாளந்தான். சுரப்பி அழியாமல் அப்படியே இருப்பதால்தான், விட்டுவிட்டால் சில வாரங்களில் வியர்வை திரும்புகிறது. இதே அயன்டோபோரசிஸ் முறையில் தண்ணீருக்குப் பதிலாகப் பைலோகார்பின் என்ற மருந்தைத் தோலுக்குள் செலுத்தி, வியர்வையை வரவழைத்துச் சோதிக்கும் பழக்கமும் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயை 1959 முதல் அப்படித்தான் கண்டறிகிறார்கள். எனவே மின்னோட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். யாருக்கு, எந்த அளவில், எந்த நீரில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

யாருக்குக் கூடாது என்பதை வீட்டில் கருவி வாங்குவோர் பெரும்பாலும் படிப்பதில்லை. ஒரு கையில் நுழையும் மின்னோட்டம் மார்பைக் கடந்துதான் மறுகையை அடைகிறது. ஆகவே பேஸ்மேக்கரோ, இதய அதிர்வுக் கருவியோ பொருத்தியிருப்பவர்களுக்கும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் இதைச் செய்வதில்லை. எலும்பு முறிவுக்காகக் கையிலோ காலிலோ பிளேட், திருகு வைத்திருப்பவர்களுக்கும், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் தவிர்க்கிறோம். கர்ப்பிணிகளுக்குச் செய்வதில்லை. இங்கே உங்கள் கேள்விக்கு வருகிறேன், அம்மா. இந்தச் சிகிச்சை கருத்தரிப்பதற்குத் தடையாக இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இது தோலின் மேற்பகுதியில் நடப்பது, உடலில் தங்கும் மருந்து எதுவும் இதில் இல்லை. ஆனால் நாள் தள்ளிப்போனால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆகவே திருமணப் பருவ வேலைகள் வரும் மாதங்களைக் கணக்கிட்டு இப்போதே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

கால்களைப் பற்றி ஒரு சொல். உள்ளங்காலின் தோல் தடித்தது என்பதால் பலன் தெரியக் கூடுதல் நாள் ஆகலாம். மின்னோட்டமும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். பாதம் முழுவதையும் மூழ்கவைக்காமல், உள்ளங்காலும் விரல்களின் அடிப்புறமும் நனையும் அளவுக்கு நீர் இருந்தால் போதும். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் முதலில் அதை ஆற்றிக்கொள்ளுங்கள். எந்நேரமும் ஈரத்தில் இருக்கும் உள்ளங்காலில் அம்மை வடுபோன்ற சிறு குழிகளும் துர்நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாத் தொற்று. மருந்து பூசினால் ஆறிவிடும், அதற்கு வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

ஊசி, மாத்திரை ஆகிய வழிகளையும் உங்கள் மருத்துவர் சொல்லக்கூடும். போட்டாக்ஸ் ஊசி ஒருமுறை போட்டால் நான்கு முதல் ஆறு மாதம்வரை நிற்கும். ஆனால் ஒவ்வோர் உள்ளங்கையிலும் பல இடங்களில் குத்த வேண்டும், வலி மிகுதி, சிலருக்கு விரல் பிடிமானம் சில வாரங்கள் தளர்கிறது. ஆரி ஊசி பிடிக்கிறவருக்கு அந்தத் தளர்ச்சி பெரிய இழப்பு. கிளைகோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். மதுரையின் சித்திரை வெயிலில் வியர்க்காமல் வெளியே அலைந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். சாதாரணத் தண்ணீரில் பலன் கிடைக்காதவர்களுக்கு அதே கிளைகோபைரோலேட்டை மருத்துவர் கண்காணிப்பில் தட்டு நீரில் கலந்து கொடுப்பதும் உண்டு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பழைய எலிமினேட்டரையோ கைப்பேசி சார்ஜரையோ இரண்டு அலுமினியத் தட்டுகளோடு இணைத்து இந்தக் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று சொல்லும் காணொளிகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். உள்ளே காப்பு பழுதாகிச் சுவர் மின்சாரம் கசிந்தால், இரு கைகளும் நீரில் இருக்கும் நிலையில் அது நேராக இதயத்தின் வழியே பாயும். மருத்துவப் பயன்பாட்டுக்கென்று தயாரித்த கருவியை, முதலில் சில அமர்வுகள் நேரில் செய்து பழகிய பிறகு வாங்குங்கள்.

பதில்: நாலு சட்டை (சென்னை)

உங்கள் உறவினர் சொன்ன அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டவன் நான். அப்போது எனக்கு வயது 24. நேர்காணல்களில் கைகுலுக்க அஞ்சி வேலையே தேடாமல் இருந்த காலம். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது என் கைகள் உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தன. அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. பத்து ஆண்டுகள் ஆகியும் கைகள் இன்றும் உலர்ந்தே இருக்கின்றன.

ஆனால் இரண்டாவது மாதம் முதல் முதுகிலும் வயிற்றிலும் தொடைகளிலும் முன்பு இல்லாத வியர்வை தொடங்கியது. கைகளுக்குப் போக வேண்டிய கட்டளை துண்டிக்கப்பட்ட பிறகு உடல் அதை வேறு இடங்களில் ஈடுகட்டிக்கொள்கிறது. இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது, எனக்குக் கடுமையான அளவில் வந்தது. அலுவலகத்துக்கு நான்கு சட்டைகளோடு போகிறேன். மின்தொடர் வண்டியில் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை, எழுந்தால் ஈரம் தெரியும் என்பதால். நாற்காலியில் துண்டு விரித்துத்தான் வேலை பார்க்கிறேன். கால்களின் வியர்வையும் நிற்கவில்லை. மார்பில் செய்யும் இந்தச் சிகிச்சை கைகளுக்கானது, கால்களுக்கு அதை நம்பக் கூடாது என்பதை எனக்கு யாரும் முன்கூட்டியே அழுத்திச் சொல்லவில்லை. கையெழுத்திட்ட படிவத்தில் ஒரு வரியாக இருந்தது. நானும் கேட்கவில்லை.

இதனால் பயனடைந்து நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் யாரையும் தடுக்க நான் எழுதவில்லை. துண்டித்த நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும் என்று எந்த மருத்துவரும் உங்களுக்கு உறுதி தர மாட்டார்; தட்டில் வைத்த கையையோ எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். நான் அயன்டோபோரசிஸைப் பற்றிக் கேள்விப்பட்டதே அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான். உங்களுக்கு அது முன்னதாகவே தெரிந்திருக்கிறது, சகோதரி. பன்னிரண்டு அமர்வுகளையும் முழுமையாக முடித்துவிட்டுப் பிறகு மற்றதை யோசியுங்கள்.

பதில்: கொய்யாமரம் (திண்டுக்கல்)

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். என் மகனுக்குப் பதினொரு வயது. கணக்கு நோட்டின் தாள்கள் கிழிந்துவிடுகின்றன. உடன் படிப்பவர்கள் விளையாட்டில் அவன் கையைப் பிடிக்க மறுக்கிறார்கள். இவ்வளவு சிறிய வயதில் இதைச் செய்யலாமா?

பதில்: இயன்முறை (தஞ்சாவூர்)

செய்யலாம், அம்மா. இந்தத் தொல்லை பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்வயதிலோதான் தொடங்குகிறது. பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவைவிடக் குறைந்த மின்னோட்டத்தில், அவன் தாங்கும் அளவறிந்து கொடுப்போம். இருபது நிமிடம் அசையாமல் உட்காருவானா என்பதுதான் உண்மையான கேள்வி. கதை சொல்லிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆனால் மின்னோட்டம் ஓடும்போது அவன் கையையோ தண்ணீரையோ தொடாதீர்கள். முதலில் தோல் மருத்துவர் பார்த்து, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யட்டும். இரவில் தூக்கத்திலும் வியர்த்து, எடையும் குறைந்தால் அது வேறு வகை. காசநோய் உள்ளிட்டவற்றுக்கான பரிசோதனை தேவைப்படும். வகுப்பு ஆசிரியரிடமும் ஒருமுறை பேசுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று என்று அவர் வகுப்பில் ஒருமுறை சொன்னாலே போதும், பிள்ளைகள் கையைப் பிடிப்பார்கள்.

பதில்: ஆரிப்பட்டு (மதுரை)

பதிலளித்த எல்லாருக்கும் என் நன்றி. உடனே எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது.

மருத்துவமனையில் பதினொரு அமர்வுகள் முடித்தேன். முதல் நாள் பத்து மில்லி ஆம்பியரிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாசலின் தடவிக்கொண்ட பிறகு நான்காவது நாள் பதினாறுவரை தாங்க முடிந்தது. கரும்பலகை அக்காவுக்கு ஏழாவது என்றால் எனக்கு ஒன்பதாவது. சட்டத்துக்கு அடியில் நூல் பிடித்திருந்த விரல்களை ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, வெள்ளைத் தாளில் அழுத்திப் பார்த்தேன். தாளில் ஒன்றும் பதியவில்லை. பக்கத்தில் இருந்த என் தந்தையும் தம் கையை அதே தாளில் அழுத்தினார். அவருடைய ஐந்து விரல்களும் ஈரமாகப் பதிந்தன. அடுத்த வாரம் அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஆனால் மணிக்கட்டு முறிவுக்காக அவருக்குப் பிளேட் வைத்திருப்பதால் கைகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கால்களுக்கு மட்டும் செய்கிறார்கள்.

எனக்குக் கால்கள் இன்னும் முழுமையாக உலரவில்லை, பாதியளவு குறைந்திருக்கிறது. கைகளின் தோல் சற்று வறண்டு சுரசுரப்பாக இருக்கிறது. பட்டு இழையைப் பிடித்து இழுப்பதால் இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. கணவருக்குப் பணி மாற்றம் கிடைத்துக் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டோம். கருவியையும் வாங்கிவிட்டேன். மதுரையில் அதே கருவியில் பதினாறுவரை எளிதாக ஏறியது; இங்கே திருகை முழுவதும் திருகினாலும் முள் ஆறைத் தாண்டவில்லை, குறுகுறுப்பும் இல்லை. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றவில்லை, குழாய்த் தண்ணீர்தான். இரண்டு வாரத்தில் கைகளில் மீண்டும் ஈரம் தெரியத் தொடங்கிவிட்டது. கருவி பழுதாகிவிட்டதா?

பதில்: இயன்முறை (தஞ்சாவூர்)

கருவியில் பழுது இருக்க வாய்ப்பில்லை, அம்மா. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீராக இருக்கும். குடிப்பதற்குச் சுவையானது என்று பெயர் பெற்ற அந்த மென்னீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. ஆகவே இந்த வேலைக்கு அது ஏறத்தாழ ஆர்.ஓ. தண்ணீரைப் போன்றதுதான். சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு தட்டிலும் அரைத் தேக்கரண்டி ஆப்பசோடாவைப் போட்டு நன்றாகக் கரைத்துவிடுங்கள். சமையல் உப்பும் மின்சாரத்தைக் கடத்தும் என்றாலும், நேர்மின்முனையில் அதிலிருந்து குளோரின் உண்டாகித் தோலை எரிச்சலாக்கும், தகட்டையும் அரித்துவிடும். அதனால் சோடாவே நல்லது.

கைகளை உள்ளே வைத்துக்கொண்டு, மின்னோட்டம் ஓடும்போது சோடாவைச் சேர்க்காதீர்கள். இப்போது திருகு முழு அளவில் இருக்கிறது. சோடா கரைந்த நொடியில் ஆறு மில்லி ஆம்பியர் இருந்த இடத்தில் இருபதைத் தாண்டிப் பாயும். முதலில் திருகைச் சுழிக்குக் கொண்டுவந்து கருவியை நிறுத்துங்கள். கைகளை எடுத்துச் சோடாவைக் கரையுங்கள். மீண்டும் கைகளை வைத்துச் சுழியிலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். ஈரம் திரும்பிவிட்டதால் இந்த வாரமும் அடுத்த வாரமும் மூன்று முறை வீதம் செய்துவிட்டு, பிறகு வாரம் ஒருமுறைக்கு வாருங்கள்.

பதில்: ஆரிப்பட்டு (கோயம்புத்தூர்)

நீங்கள் சொன்னபடியே இன்று மாலை செய்தேன், ஐயா. திருகு பாதியைத் தொடுவதற்குள் முள் பதினைந்தில் நின்றது. குமிழிகளும் வந்துவிட்டன.